கொடையும் கடனும்: தொழில் நிறுவன அறங்கள் பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கல்கத்தா நெடுஞ்சாலையில், செங்குன்றத்தையும் சோழவரத்தையும் கடந்து கும்மிடிப்பூண்டியை அணுகுவோர் இருவகைப் பெயர்ப்பலகைகளைக் காண்பர். ஒருவகை, ஆலைகளின் வாயிலில் நிற்பன. மற்றொருவகை, பள்ளிக் கட்டடத்தின் சுவரிலும் குடிநீர்த் தொட்டியிலும் பேருந்து நிழற்குடையிலும் எழுதப்பட்டிருப்பன. பல இடங்களில் இரண்டிலும் உள்ள பெயர் ஒன்றே. முன்னது, 'இஃது எம் உடைமை' என்கின்றது. பின்னது, 'இஃது எம் கொடை' என்கின்றது. இவ்விரு பலகைகளுக்கும் இடையேயுள்ள உறவு யாது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருளாகும்.

தொழில் நிறுவனங்கள் செய்யும் அறம் தன்னலத்தால் விளைவதா, பிறர்நலம் கருதி விளைவதா என்னும் வினா புதியதன்று. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு ஈட்டத்தைப் பெருக்குவதே என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்ட்டன் பிரீட்மன் 1970-இல் எழுதினார். பங்குதாரரின் பணத்தை எடுத்து அறம் செய்ய மேலாளர்க்கு உரிமையில்லை என்பதும், தன் ஆதாயத்திற்காகச் செய்வதை அறம் என்று பெயரிட்டு வழங்குதல் போலி என்பதும் அவர் கொள்கை. ஊரார் வாழ்வும் தொழிலின் வாழ்வும் பிரிக்கவொண்ணாதன. ஆதலின் இரண்டற்கும் நன்மை தரும் செயலைத் தன்னலம் என்று இகழ்தல் தகாது என்பது மறுசாரார் கூற்று.

இவ்வழக்கில் தமிழ் பயில்வார்க்கு என்ன பணி உண்டு என்று சிலர் ஐயுறலாம். ஈகை, கொடை, ஒப்புரவு, வேளாண்மை, அறம், கடன் என்னும் சொற்களை நுண்ணிதின் வேறுபடுத்தி வழங்கியது நம் மொழி. கொடுத்தலைப் பாடுபொருளாக்கி ஒரு பெரும் பாட்டு மரபையே வளர்த்தது நம் இலக்கியம். அச்சொற்கள் இன்று நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்கப்படுகின்றன. சொல் மயங்கினால் பொருளும் மயங்கும். அம்மயக்கத்தைக் களைய முயல்வது திறனாய்வாளரின் கடமை என்று யாம் கருதுகின்றோம்.

சட்டம் என்னும் நூல்

முதற்கண், இன்றைய நிறுவன அறத்திற்கு இலக்கணமாய் நிற்கும் சட்டத்தையே ஒரு நூலாகக் கொண்டு நோக்குவோம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135-ஆம் பிரிவில், சமூகப் பொறுப்பைச் சட்டக் கடமையாக்கியது. 2014 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர ஈட்டமோ உடைய நிறுவனம், முந்திய மூன்றாண்டுகளின் சராசரி நிகர ஈட்டத்தில் நூற்றுக்கு 2 பங்கினை இப்பணிகளுக்குச் செலவிடவேண்டும் என்பது அதன் கட்டளை. இதனை ஒத்ததொரு விதியை மொரீசியசு நாடு 2009-இலேயே இயற்றியிருந்தது. எவ்வெப் பணிகள் இதன்பாற்படும் என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை வகுக்கின்றது. பசியும் வறுமையும் போக்கல், கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல், மரபுச் செல்வங்களைக் காத்தல் முதலியன அவற்றுட் சில. தொழில் நடைபெறும் வட்டாரத்திற்கு முதன்மை தருதல் வேண்டும் என்றும் சட்டம் கூறுகின்றது.

இந்நூல் தன்னலத்தை ஐயத்துடனேயே நோக்குகின்றது என்பது ஊன்றிக் கற்பார்க்குப் புலனாகும். தன் தொழிலின் இயல்பான போக்கில் செய்வது கணக்கில் வாராது. தன் ஊழியர்க்கு மட்டும் பயன்படுவது வாராது. அரசியற் கட்சிக்கு ஈவது வாராது. தன் பொருளின் விற்பனையை வளர்க்க விளம்பரமாய் நல்கும் ஆதரவும் வாராது. இச்செலவைத் தொழிற்செலவாகக் காட்டி வருமான வரியில் கழிவு பெறுவதையும் 2014-இல் வந்த திருத்தம் தடுத்துவிட்டது. தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் அதன் காரணத்தை அறிக்கையிற் கூறினால் போதும் என்றிருந்தது. 2021 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களால், செலவிடாத தொகையைத் தனிக் கணக்கிலோ அரசு குறித்த நிதியிலோ சேர்த்தல் வேண்டும் என்றாயிற்று. தவறினால் தண்டமும் உண்டு. ஓராண்டில் மிகுதியாகச் செலவிட்ட தொகையைப் பின்வரும் மூன்றாண்டுகளின் கடமையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் விதி செய்யப்பட்டது.

இறுதியிற் கூறிய விதி நம் ஆய்விற்கு மிகவும் வேண்டுவது. மிகுதியாகக் கொடுத்தவன் அம்மிகுதியைப் பற்றுக் கணக்கில் எழுதிவைத்துப் பின்னர்க் கழித்துக்கொள்ளலாம் எனின், ஆண்டுக் கொடுத்தலின் இயல்பே வேறாகிவிடுகின்றது. கொடைமடம் என்று பண்டையோர் போற்றிய பண்பிற்கு இந்நூலில் இடமில்லை. முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் தந்த வள்ளல்களை எந்த இயக்குநர் குழுவும் ஏற்றுக்கொள்ளாது, ஏற்றுக்கொள்ளவும் கூடாது. பாரி தந்தது பாரியின் தேர். குழுவினர் தருவது பங்குதாரரின் பணம். பிறர் பொருளைக் கணக்கின்றி வழங்குதல் வள்ளன்மையாகாது. பிரீட்மனின் கூற்றில் உண்மையுடைய பகுதி இதுவே என்க.

அறவிலை வணிகம்

கைம்மாறு கருதிச் செய்யும் அறத்தைத் தமிழ் இலக்கியம் எங்ஙனம் மதிப்பிட்டது என்பதற்குப் புறநானூற்றின் 134-ஆம் பாட்டே தலையாய சான்று. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடியது அது. இப்பிறப்பில் செய்த நன்மை அடுத்த பிறப்பில் பயனாய்த் திரும்பும் என்று எண்ணிக் கொடுப்பவனை அறத்தை விலைபேசும் வணிகன் என்று குறித்து, ஆய் அத்தகையன் அல்லன் என்கின்றார் புலவர். 'அறவிலை வணிகன்' என்னும் அச்சொல்லாட்சி, நிறுவன அறம் பற்றிய இன்றைய வாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. நிறுவனம் அறம் செய்தலே அறவிலை வணிகம் என்று சிலர் முடிபு கூறிவிடுகின்றனர்.

அம்முடிபு பாட்டின் பிற்பகுதியை நோக்காமையால் விளைந்தது. ஆயின் கொடைக்குப் புலவர் கூறும் காரணம் இரக்கமன்று. அன்பின் பெருக்கும் அன்று. சான்றோர் பலரும் சென்ற நெறி அதுவாதலின் அவனும் அந்நெறியில் நின்றான் என்பதே காரணம். ஈண்டுப் புலவர் எதிரெதிராக நிறுத்துவன தன்னலமும் பிறர்நலமும் அல்ல. விலையும் நெறியும் ஆகும். கொடுப்பவன் உள்ளத்துள் என்ன உணர்வு இருந்தது என்று அவர் துருவவில்லை. கைம்மாற்றை எதிர்நோக்காமல், சான்றோர் வழக்கம் என்றே கொடுத்தானா என்பதையே நோக்குகின்றார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இப்பாட்டு வணிகரைப் பழித்ததன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்து, அவர்தம் கொடையை முன்னிறுத்தவில்லை. வாணிகத்தின் நேர்மையையே முன்னிறுத்துகின்றார். பழிக்கு அஞ்சுதல், மெய்யே பேசுதல், தம் சரக்கையும் பிறர் சரக்கையும் வேற்றுமையின்றி மதித்தல், வாங்கும்போது மிகுதியாக வாங்காமை, கொடுக்கும்போது குறைத்துக் கொடாமை ஆகியவையே அவர் எடுத்தோதும் பண்புகள். வள்ளுவரும் இக்கருத்தை நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். ஆகவே, வணிகனுக்குரிய முதல் அறம் அவன் தராசில் உள்ளது, அன்னசத்திரத்தில் உள்ளதன்று. தராசு கோணியிருக்கச் சத்திரம் கட்டுவானாயின், அச்சத்திரத்தை என்னென்பது? அவன் கொடுத்தான் என்பதினும், எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பினான் என்பதே பொருந்தும்.

ஈகையும் ஒப்புரவும்

இனி, நிறுவனங்களின் செயலை எப்பெயரால் வழங்குவது பொருந்தும் என்று காண்போம். திருக்குறளில் ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என்பன 22, 23, 24-ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. வறியவர்க்குத் தருவதே ஈகை எனவும், ஏனைய கொடைகள் யாவும் அளந்து வாங்கி அளந்தே திருப்பும் குறியெதிர்ப்பையின் தன்மையன எனவும் ஈகை அதிகாரத்தின் முதற்குறள் வரையறுக்கின்றது. மேற்காட்டிய கழிவு விதியைக் கண்டிருப்பின் வள்ளுவர் அதனை எவ்வகையுள் அடக்கியிருப்பார் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

ஒப்புரவோ வேறு. உலகத்தோடு ஒத்து வாழ்பவன் தான் ஈட்டியதை ஊர்க்குப் பயன்படச் செய்தல் அது. அவ்வதிகாரத்தின் உவமைகளை நோக்குக. மழை, ஊருணி நீர், ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகும் மரம் ஆகிய நான்கும் ஒருவர்க்கு மட்டும் பயன்படுவன அல்ல. கேட்டவர், கேளாதவர், வறியவர், செல்வர் அனைவர்க்கும் பொதுவாய் நிற்பன. ஊருணி தன்னிடம் வருவோரின் குலத்தையோ நன்றியையோ எதிர்பார்ப்பதில்லை. அதில் பெயர்ப்பலகையும் இல்லை.

இவ்விரண்டனையும் பரிமேலழகர் வேறுபடுத்தும் நயம் நம் வினாவிற்கே விடைபோல அமைந்துள்ளது. ஒப்புரவு இம்மைப் பயனை நோக்கியது என்றும், ஈகை மறுமைப் பயனை நோக்கியது என்றும் அவர் அதிகார இயைபு கூறுகின்றார். இம்மை நோக்கியது என்றமையால் ஒப்புரவை அவர் இழித்தாரல்லர். ஊர் வாழ்ந்தால் தானும் வாழலாம் என்று அறிந்து செய்வதே ஒப்புரவு 'அறிதல்' ஆயிற்று. புகழ் அதிகாரத்தில் வள்ளுவர் கொடுத்தலால் வரும் இசையை உயிர்க்கு 'ஊதியம்' என்றே, வணிகச் சொல்லால், வழங்குகின்றார். ஊதியம் கருதுதல் அங்குக் குற்றமாகவில்லை. எத்தகைய ஊதியத்தைக் கருதுகின்றான் என்பதே வேறுபாடு.

இதனால் பெறப்படுவது ஒன்றுண்டு. நிறுவனத்தின் செயல் ஈகையாதல் அரிது. அஃது ஒப்புரவாதல் கூடும். ஒப்புரவின்கண் தன்னலமும் பிறர்நலமும் ஒருங்கே நிற்றல் இழுக்கன்று. எனவே, 'தன்னலமா, பிறர்நலமா' என்னும் வினாவே இவ்விடத்தில் ஆற்றல் இழந்துவிடுகின்றது. ஈகை என்று பெயரிட்டு நன்றியை எதிர்பார்க்கின்றார்களா, ஒப்புரவு என்று கொண்டு ஊருணிபோல் பொதுவில் வைக்கின்றார்களா என்பதே வினவத்தக்கது.

பெறுவோன் வாய்மொழி

செயல் ஒப்புரவாயிற்றா என்பதை யார் கூறுவது? இங்கேதான் தமிழ் மரபும் இன்றைய வழக்கும் பெரிதும் மாறுபடுகின்றன என்பது எம் கருத்து.

சங்கப் பாடல்களில் கொடையைப் பற்றிப் பேசுபவன் யாவன்? கொடுத்தவன் பேசுவது மிகவும் அருகியே காணப்படுகின்றது. பாணனும் பொருநனும் கூத்தனும் விறலியும் புலவனுமே பேசுகின்றனர். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் அடிப்படையே இஃதன்றோ? பரிசில் பெற்று மீள்பவன், வழியில் எதிர்ப்பட்ட வறியவனுக்குத் தான் பெற்றதைக் கூறி, அங்கே செல்க என்று வழிகாட்டுகின்றான். கொடையின் உண்மைக்குச் சான்று பெற்றவனின் வாய்மொழி. அதனைச் சோதிப்பவன் அடுத்துப் பெறப் போகின்றவன். பொய் கூறின், நடந்து களைத்தவன் திரும்பி வந்து பழிப்பான். இதனினும் திண்ணிய தணிக்கையை யாம் அறியோம்.

இன்று கொடையின் வரலாற்றை எழுதுபவர் கொடுத்தவரே. ஆண்டறிக்கையின் வண்ணப் பக்கங்களில் புத்தகப்பை பெற்ற குழந்தைகள் சிரிக்கின்றனர், பேசுவதில்லை. தற்புகழ்ச்சி தகாது என்று விலக்கிய பவணந்தியார், அது குற்றமாகாத இடங்கள் நான்கு என்று நன்னூலில் விதந்தோதினார். அரசவைக்கு எழுதும் ஓலை அவற்றுள் ஒன்று. ஆண்டறிக்கையும் அரசுக்குக் கணக்குக் காட்டும் ஓலையே ஆதலின், அவ்வளவிற்கு நன்னூலார் அதனைப் பொறுப்பார். அவ்வோலையையே ஊர்ச்சுவரில் எழுதுங்கால் அந்த விலக்கு பொருந்தாது.

135-ஆம் பிரிவை மீண்டும் எடுத்துக் கொள்வோம். அதன்கண் இயக்குநர் குழு பேசுகின்றது, சமூகப் பொறுப்புக் குழு பரிந்துரைக்கின்றது, அரசு கேட்கின்றது. பெறுவோர்க்கு அந்நூலில் உரையாடல் இல்லை. ஆண்டுக் கடமை 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உடைய நிறுவனங்கள், 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவுடைய திட்டங்களின் பயனைப் பிறரைக் கொண்டு மதிப்பிடவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நன்று. ஆயினும், பணி முடிந்தபின் அளப்பது வேறு. தொடங்குமுன் ஊராரைக் கேட்பது வேறு.

பெருஞ்சித்திரனார் வரலாறு இதனை விளக்கும். அதியமான் நெடுமான் அஞ்சி அவரைக் காணாமலே பரிசில் அனுப்பினான். பல மலைகளைக் கடந்து நடந்து வந்த வறியவர் அவர். எனினும் அப்பொருளை ஏலாது, தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்று மறுத்தார். தம் தகுதியை அறிந்து தருவானாயின் தினையளவு சிறிதாயினும் அதுவே இனிது என்றார். புறநானூற்று 208-ஆம் பாட்டின் கருத்து இது. கொடுத்தவன் அறவிலை வணிகனாதல் ஒருபுறம். காணாது கொடுக்கும் கொடை, பெறுபவனையும் வணிகனாக்கிவிடுகின்றது என்பதை இப்பாட்டு உணர்த்துகின்றது. வேண்டாம் என்று கூறும் உரிமை யாருக்கு உண்டோ, அவர் ஏற்றுக்கொண்டதே கொடையாகும். அவ்வுரிமை இல்லாதார் கையில் வைத்ததைக் கொடை என்பது சொல்வழக்கு மாத்திரையே.

குளம் தொட்ட கை

உள்ளத்துத் தூய்மையையே வற்புறுத்துவார்க்கு மறுமொழியாகப் புறநானூற்றின் 18-ஆம் பாட்டு நிற்கின்றது. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நீ மறுமைச் செல்வம் விரும்பினாலும், பிற வேந்தரை வென்று தனியாட்சி விரும்பினாலும், இவ்வுலகில் நிலைத்த புகழ் விரும்பினாலும் நீர்நிலைகளைப் பெருக்குக என்று அறிவுறுத்துகின்றார். மூன்றும் வேந்தனின் தன்னலமே. புலவர் அதனைக் கண்டிக்கவில்லை; அதனையே ஏணியாகக் கொண்டு, உலகிற்கு உணவு தரும் செயலுக்கு அவனை ஏற்றுகின்றார். குளத்தில் நிற்கும் நீர், தோண்டியவன் நோக்கத்தைக் கேட்டு வயலுக்குப் பாய்வதில்லை.

வணிகர் வரலாற்றிலும் இவ்வகை உண்டு. இடைக்காலத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர், தம் சரக்குகளின்மீது தாமே ஒரு பகுதியை விதித்துக் கோயிற்பணிக்கு அளித்ததைப் பிரான்மலைக் கல்வெட்டு முதலியன காட்டுகின்றன. பிற்காலத்து நகரத்தாரும் நாடாரும் வழங்கிய மகமை இம்மரபினது. விருதுநகரில் உறவின்முறை மகமையால் வளர்ந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் பயின்றார். தம் சமூகம் உயரவேண்டும் என்னும் விருப்பம் அம்மகமையில் வெளிப்படை. ஆயினும் அது விளம்பரமாகவில்லை. கொடுத்தவரும் பயன்கொண்டவரும் ஒரே ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி வாழ்ந்தனர் என்பது காரணங்களுள் ஒன்று.

திருவள்ளூர் வட்டாரத்திலும் சட்டத்திற்கு முற்பட்ட சான்றுகள் உள. முருகப்பா குழுமத்தார் ஆவடியில் 1957-இல் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்றைத் தொடங்கினர். அம்பத்தூரில் 1966-இல் அவர்தம் அறக்கட்டளையால் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை எழுந்தது. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிலை வளர்த்தவர்க்குப் பயிற்சி பெற்ற தொழிலாளரும் உடல்நலமுடைய ஊரும் வேண்டியிருந்தன என்று கூறுவார் கூறலாம். மருத்துவமனைக்கு இட்ட பெயரும் கூட்டுத்தொழில் செய்த ஆங்கில நிறுவனத் தலைவர் பெயரே. இவற்றைத் தன்னலம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு சிறப்புகள் எஞ்சி நிற்கின்றன. அவற்றின் வாயில் ஊழியர்க்கு மட்டுமன்றி ஊரார்க்கும் திறந்திருந்தது. ஓராண்டுக் கணக்கோடு முடிந்துவிடாமல் தலைமுறைகளைக் கடந்து நின்றன. ஊருணி உவமைக்கு வேண்டுவன இவ்விரண்டுமே. நிதியாண்டின் இறுதித் திங்களில் விரைந்து வாங்கி வழங்கப்படும் பொருள்களுக்கு இச்சிறப்பு வாய்ப்பதரிது.

கொடுத்தவர் யார்?

இதுகாறும் கூறியவற்றால் நிறுவன அறத்தை யாம் முற்றும் ஏற்றுக்கொண்டதாகக் கருதற்க. ஒப்புரவுக்கு முற்பட்டது ஒன்றுண்டு, அதுவே கடன். வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை முதலிற் காண்போம். செல்வர் தம் செல்வத்தை உலகிற்கே திருப்பித் தருதல் வேண்டும் என்று 1889-இல் எழுதிய ஆண்ட்ரூ கார்னிகி, ஏறத்தாழ 2,500 நூலகங்களுக்குப் பொருள் உதவினார். அவருடைய எஃகு ஆலையிருந்த ஹோம்ஸ்டெட்டில் 1892-இல் தொழிலாளர் போராட்டம் ஒடுக்கப்பட்டது, உயிர்கள் பல மாய்ந்தன, சங்கம் சிதைந்தது. 1898-இல் அவ்வூரை அடுத்து அவர் தந்த நூலகம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உலைமுன் நின்றவர் எப்பொழுது நூல் படிப்பது என்னும் வினா அன்றே எழுந்தது. நூலகம் நன்று, இன்றும் நிற்பது. ஆனால், தொழிலாளர்க்குச் சேரவேண்டிய நேரமும் கூலியும் கடன், நூலகம் கொடை. கொடை கடனை அடைக்காது.

இனிக் கும்மிடிப்பூண்டிக்கு மீள்வோம். அவ்வட்டத்தைச் சார்ந்தது தேர்வாய் கண்டிகை என்னும் சிற்றூர். மக்களிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். கால்நடை மேய்த்தற்கும் விறகும் சிறு விளைபொருள்களும் திரட்டுதற்கும் அவர்க்கு உதவியது ஊரை அடுத்திருந்த பொதுநிலம். 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்தது. பிரஞ்சு நாட்டு மிச்செலின் நிறுவனம் டயர் ஆலை நிறுவுதற்குத் தமிழ்நாட்டரசோடு 2009-இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊரார் எதிர்த்தனர். 2012-இல் ஊர்ச் சங்கமும் அதற்குத் துணைநின்ற அமைப்புகளும், பன்னாட்டு நிறுவனங்களுக்கென ஓ.ஈ.சி.டி. வகுத்த நெறிமுறைகள் மீறப்பட்டன என்று பிரான்சிலுள்ள தேசியத் தொடர்பு அலுவலகத்தில் முறையிட்டன. நிறுவனம் நெறிமுறைகளை மீறவில்லை என்று அவ்வலுவலகம் 2013-இல் கூறியது. மக்கள்மீதும் சூழல்மீதும் விளையும் தாக்கத்தை மேலும் ஆராய்க என்று பரிந்துரையும் செய்தது. முறையிட்டோர் அம்முடிவை ஏற்கவில்லை.

அவ்வழக்கின் நீதியை உரைப்பது எம் பணியன்று. சொல்லின் பொருளை உரைப்பதே எம் பணி. தேர்வாய் கண்டிகை மக்கள் பன்னாட்டு மன்றம்வரை சென்றது நற்கொடை வேண்டியன்று. தாம் பயன்கொண்டிருந்த நிலத்தின் பொருட்டு. அத்தகைய ஊரில் ஆலைகள் தொழிற்பயிற்சியும் மருத்துவ முகாமும் நடத்துவது நற்பணியே. அவற்றால் ஓர் இளைஞன் வாழ்வு பெற்றாலும் அது மெய்யான நன்மை. எனினும் அப்பணிகளைக் கொடை என்பதா, கடனின் ஒரு பகுதி என்பதா என்னும் வினா நின்றுகொண்டே இருக்கும்.

அவ்வூர்ப் பெயரை இன்னொரு செய்தியும் தாங்கி நிற்கின்றது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து 500 மில்லியன் கனஅடி கொள்ளளவில் அரசு கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அது சென்னை மாநகர்க்குக் குடிநீர் தருவது. குடபுலவியனார் கண்டால் உவக்கும் பணி. ஆனால், தொழிலுக்கு நிலமும் தலைநகர்க்கு நீரும் தந்த அவ்வட்டாரத்தை 'உதவி பெறும் பகுதி' என்று ஆண்டறிக்கைகள் குறிக்குமாயின், அச்சொல்லைத் திருத்துதல் வேண்டும். கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று எண்ணிப் பார்ப்பின், பெயர்ப்பலகை இடம் மாறவேண்டியிருக்கும். ஆலையின் வாயிலில் ஊரின் பெயரன்றோ நன்றியோடு எழுதப்பெறல் தகும்!

எஃகு உருக்கும் உலைகள் மிகுந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் இவ்வளவைகளே பொருந்தும். புகையை அடக்குதல் கடன். அதனை அடக்காத உலையின் பெயரால் நடத்தப்பெறும் கண் மருத்துவ முகாம், கடனை அடைத்ததாகாது. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு உரிய கூலியை உரிய நாளில் தருதல் கடன். அவர்தம் குழந்தைகள் பயிலும் பள்ளிக்குப் பலகை வழங்குதல் அதன்பின் வைத்து எண்ணத்தக்கது.

முடிபு

ஆய்வின் முடிபாக நான்கு கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். நிறுவன அறத்தில் தன்னலம் இருத்தல் தன்னளவில் இழுக்கன்று. ஒப்புரவு இம்மை நோக்கியதென்றே நம் உரையாசிரியரும் கொண்டனர். அதனை ஈகை என்று பெயரிட்டு நன்றியை விலையாகக் கேட்கும்போதே அஃது அறவிலை வணிகமாகின்றது. அது மெய்யான ஒப்புரவாயிற்றா என்பதைக் கூறும் உரிமை பெறுவோர்க்கே உரியது. அவரைக் கண்டு, கேட்டு, மறுக்கும் உரிமையும் தந்து கொடுத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் முற்பட்டது கடன். தராசு நேராகாமல் எக்கொடையும் கொடையாகாது.

இதற்குப் பெருஞ்சட்டம் எதுவும் புதிதாக வேண்டுவதில்லை. பணியைத் தொடங்குமுன் அவ்வூரின் கிராம சபையில் அதனை வைத்துக் கேட்பதும், முடிந்தபின் ஊராரின் மதிப்புரையை, பழிப்புரையாயினும் அவர்தம் சொற்களிலேயே, ஆண்டறிக்கையில் அச்சிடுவதும் போதும். ஆற்றுப்படை மரபு நமக்குக் கற்பிப்பது இதுவே. அங்ஙனம் ஒரு நாள் தேர்வாய் கண்டிகையிலிருந்து மீளும் ஒருவன், எதிர்ப்பட்ட அயலூரானை நோக்கி, 'அவ்வாலையார் எம்மைக் கண்டனர், கேட்டனர், கடன் தீர்த்தனர், பின்னரே தந்தனர், நும் ஊர்க்கும் வரின் வரட்டும்' என்று கூறுவானாயின், அதுவே அந்நிறுவனத்தின் அறத்திற்குத் தக்க சான்றாகும். அச்சொல் கேட்கப்படும் வரையில், சுவர்ப்பலகைகளை வரலாற்றுச் சான்றாக ஏற்றல் ஆய்வு நெறியாகாது.